தீட்சையும் சடங்கும் இல்லாமல் தியானம் தொடங்குவது எப்படி?

பினாங்கில் காலை ஆறு மணிக்கும் வானம் வெளுப்பதில்லை. ஏழு மணிக்குப் பிறகே சூரியன் எழுகிறது. தியானம் பழக விரும்புகிறவர்களுக்கு இந்த இருட்டு பெரிய வசதி. பூசையறையோ, தீட்சையோ, பணம் கட்டிச் சேரும் வகுப்போ இதற்குத் தேவையில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் போவதை நிறுத்தவும் வேண்டாம்.

பெரிய துண்டொன்றை நன்றாக மடித்துத் தரையில் போட்டு, அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருந்தால் முதுகு சிரமமின்றி நிமிரும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமரலாம். கண்களை மூடி, மூச்சுக்காற்று நாசி நுனியில் உள்ளே போகையில் குளிர்ச்சியாகவும் வெளியே வருகையில் வெதுவெதுப்பாகவும் படுவதைக் கவனியுங்கள். மூச்சைப் பிடித்து நிறுத்தாதீர்கள். அது தன் போக்கில் நடக்கட்டும்.

மூன்றாவது மூச்சிலேயே மனம் கார் தவணைக்கோ நேற்றைய சண்டைக்கோ போய்விடும். தமக்கு இது வராது என்று பலர் எழுந்துவிடுவது இங்கேதான். மனம் போனது தெரிந்ததும், அதைக் கடிந்துகொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். பதினைந்து நிமிடத்தில் நூறு முறை திரும்பினாலும் அது நல்ல பயிற்சியே.

சத்தத்தோடு போராட வேண்டாம். ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி வீட்டில் பள்ளிவாசலின் பாங்கொலியும் கீழே கிளம்பும் மோட்டார் சைக்கிளும் தொந்தரவாக இருக்கின்றன என்று சன்னல்களை அடைத்துப் பார்த்தேன். உடனே மின்விசிறியின் கிறீச்சொலி பெரிதாகிவிட்டது. ஒலி எழுவதையும் அடங்குவதையும் வெறுமனே கேட்கத் தொடங்கிய பிறகுதான், எரிச்சல் ஒலியில் இல்லை, அதை வேண்டாம் என்று தள்ளிய என்னிடம் இருந்தது என்பது புரிந்தது.

இரண்டு மாதம் இப்படிப் பழகிய பிறகு, எண்ணம் எழும்போது ‘இது யாருக்குத் தோன்றுகிறது?’ என்று உள்ளே கேட்டுப் பாருங்கள். ரமண மகரிஷி காட்டிய வழி இது. 1896-இல், மதுரையில் பதினாறு வயது மாணவராக இருந்தபோது, திடீரென்று எழுந்த மரண பயத்தை அவர் குருவோ மந்திரமோ இன்றி நேருக்கு நேர் ஆராய்ந்தார். அதிலிருந்தே அவருடைய விழிப்பு தொடங்கியது. சொற்களில் விடை தேடாதீர்கள். கேள்விக்குப் பின் வரும் அமைதியில் சற்றுத் தங்குங்கள்.

கண்ணுக்குள் ஒளி தெரிந்தால் அதைப் பெரிதாக எண்ணிப் பின்தொடர வேண்டாம். படபடப்போ பயமோ மிகுந்தால் கண்களைத் திறந்து, எழுந்து சிறிது நடந்துவிட்டு, அன்றைக்கு அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அது தொடர்ந்தால், தூக்கம் கெட்டால், மருத்துவரைப் பாருங்கள்.