ஒயின் தெளிந்ததா? டார்ச் அடித்துப் பாருங்க

தொண்டாமுத்தூர் பன்னீர் திராட்சையில் போட்ட ஒயின், நொதித்து அடங்கிய பிறகும் கலங்கலாகவே நின்றது. உள்ளே தங்கிய கரியமில வாயு மண்டியைப் படிய விடாது. சுத்தமான கரண்டியால் மெதுவாகக் கிளறி வாயுவை வெளியேற்றி, ஜாடியை வாய்வரை நிரப்பி, மார்கழிக் குளிர் தங்கும் அறையில் அசைக்காமல் வைத்தேன், அப்புறம்தான் மண்டி இறங்கியது.

கருஞ்சிவப்பு நிறம் கலங்கலை மறைத்துவிடும், அதனால் மேலாகப் பார்த்து நம்ப வேண்டாம். இருட்டில் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்துப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஒளி போகும் தடம், ஓட்டு வீட்டுக்குள் விழும் வெயில் மாதிரி துகள்களோடு தெரிந்தால் இன்னும் பொறுக்கணும். தடமே தெரியவில்லையா, சரி, தெளிந்துவிட்டது.

பாட்டிலில் அடைக்கத் தெளிவு மட்டும் போதாதுங்க. ஹைட்ரோமீட்டர் (ஒயினின் அடர்த்தியை அளந்து சர்க்கரை குறைவதைக் காட்டும் கருவி) அளவும் ஒரு வாரம் மாறாமல் நிற்கணும், இல்லையென்றால் மிச்சச் சர்க்கரை அடைத்த பாட்டிலுக்குள் நொதித்து பாட்டிலையே வெடிக்க வைக்கும்.