காட் பிழைத்திருந்தால்? பாலைவனப் போரை ‘மாற்றி எழுதும்போது’ தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷாரும் ஜெர்மன், இத்தாலியப் படைகளும் மோதிக்கொண்டிருந்த நேரம். 1942 ஆகஸ்ட் 7 அன்று கெய்ரோவுக்குக் கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் விமானத்தை ஜெர்மன் விமானங்கள் சுட்டன, அது எப்படியோ மணலில் இறங்கி நின்ற பிறகும் விடாமல் திரும்பி வந்து சுட்டன. உள்ளே இருந்தவர் வில்லியம் காட். அங்கே போரிட்ட பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்தின் தளபதியாகப் பொறுப்பேற்க இருந்தவர். அவர் இறந்ததால்தான் அந்தப் பதவிக்கு மாண்ட்கோமரி வந்தார். காட் பிழைத்திருந்தால், எகிப்திலுள்ள எல் அலமெய்னில் மாண்ட்கோமரி வென்ற போர் என்ன ஆகியிருக்கும்? எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஆனால் பதில் சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆளை மட்டும் மாற்றுகிறார்கள், பெட்ரோலை மறந்துவிடுகிறார்கள்.

அதுதான் முதல் தவறு. எதிரே நின்ற ஜெர்மன் தளபதி ரோமலுக்குப் பெரிய துறைமுகம் லிபியாவின் திரிப்போலி, அங்கிருந்து அலமெய்னுக்குக் கிட்டத்தட்ட 2,000 கி.மீ. சரக்கு ஏற்றிவரும் லாரியே வழியில் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு வரும், அதற்கு முன்னால் பிரிட்டிஷார் வசமிருந்த மால்டா தீவுப் பக்கம் கப்பல்கள் மூழ்காமல் தப்பி வர வேண்டும். பிரிட்டிஷாருக்கும் இதில் அவதி இருந்தது. அவர்களுடைய மெல்லிய தகர டின்கள் லாரி குலுங்கினாலே ஒழுகும். அதனால் ஜெர்மன்காரர்களின் உறுதியான கேன் கையில் கிடைத்தால் விடவே மாட்டார்கள். ஆனால் அலெக்சாண்ட்ரியா அவர்களுக்குச் சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருந்தது. எந்தத் தளபதி வந்தாலும் இந்த தூரம் மாறாது.

இன்னொன்று, அதற்கு முன் படையை நடத்திய ஆக்கின்லெக்கையும் மாண்ட்கோமரியையும் ஒரே தராசில் வைப்பது. ஜூலையில் ரோமலை அலமெய்னில் நிறுத்தியவர் ஆக்கின்லெக். கடலுக்கும், வண்டிகள் போக முடியாத கட்டாரா பள்ளத்துக்கும் நடுவே சுமார் 60 கி.மீ. இடைவெளிதான் என்பதால் அங்கே சுற்றி வளைத்துப் போக வழியில்லை. செப்டம்பர் நடுவுக்கு முன் தாக்க முடியாது என்று அவர் சொன்னது சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை, பதவி போனது. சரி, மாண்ட்கோமரி எப்போது தாக்கினார்? அக்டோபர் 23. அதற்குள் அமெரிக்க ஷெர்மன் டாங்கிகள் வந்து, மொத்த டாங்கிகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அந்த அவகாசம் ஆக்கின்லெக்குக்குக் கிடைக்கவே இல்லை, இதைச் சொல்லாமல் இருவரையும் ஒப்பிடுவது அநியாயம்.

ஒட்டுக்கேட்ட கதையையும் விட்டுவிடக் கூடாது. கெய்ரோவிலிருந்த அமெரிக்க அதிகாரி ஃபெல்லர்ஸ் பிரிட்டிஷ் படைகளைப் பற்றி வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்திகளை எதிரி படித்துக்கொண்டே இருந்தான், ஜூன் கடைசியில் அது நின்றது. ஜூலை 10 அன்று தெல் எல் ஈசாவில் ரோமலின் ரேடியோ ஒட்டுக்கேட்கும் பிரிவே ஆஸ்திரேலியர்களிடம் சிக்கியது. ஆக, ஆகஸ்டில் மாண்ட்கோமரி சந்தித்த ரோமலுக்குப் பழையபடி காது கேட்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘அப்போ தளபதி யாராக இருந்தால் என்ன’ என்று மறுபக்கம் சாய்வதும் தவறுதான். மாண்ட்கோமரி வந்த கையோடு பின்வாங்கும் திட்டங்களை ரத்து செய்தார், 44-வது டிவிஷனை வரவழைத்து அலமெய்னுக்குப் பின்னாலிருந்த அலம் ஹல்ஃபா மேட்டில் நிறுத்தினார். தோற்றுத் தோற்றுக் களைத்திருந்த படைக்கு அது தெம்பு கொடுத்தது. காட் அதே வேகத்தில் செய்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான், அவர் ஆரம்பத்திலிருந்தே பாலைவனத்தில் கிடந்து களைத்துப் போயிருந்தார்.

ஆள் மாற்றத்தை வரலாறே ஒருமுறை சோதித்தும் காட்டியிருக்கிறது. அலமெய்ன் தாக்குதல் தொடங்கியபோது ரோமல் சிகிச்சைக்காக ஐரோப்பாவில் இருந்தார். அவர் இடத்தில் இருந்த ஜெர்மன் தளபதி ஷ்டூமே மறுநாளே மாரடைப்பில் இறந்தார். 25 மாலை ரோமல் ஓடி வந்தார், எதிர்த்தாக்குதல்களில் மிச்சமிருந்த பெட்ரோலும் கரைந்தது, நவம்பர் 4 அன்று பின்வாங்கினார்.

உண்மையிலேயே ஒரு தளபதியை வைத்து ‘இருந்திருந்தால்’ என்று யோசிக்க ஆசைப்பட்டால் 1941 பிப்ரவரிக்குப் போங்கள். பிரிட்டிஷ் தளபதி ஓ’கானர் சின்னப் படையை வைத்துக்கொண்டு சுமார் 1,30,000 இத்தாலியப் படையினரைச் சிறைபிடித்து லிபியாவின் பேடா ஃபோமில் நிற்கிறார், ரோமல் இன்னும் வந்து இறங்கவில்லை. ஆனால் அங்கேயும் கவனம்: அவருடைய 4-வது இந்திய டிவிஷனை டிசம்பரிலேயே சூடானுக்கு அனுப்பியாயிற்று, அடுத்து கிரீஸுக்குப் படை போக வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி அவரை அங்கேயே நிறுத்தினார்கள். ஏப்ரலில் ஒரு இரவு காரில் போகும்போது அவரே ஜெர்மன் ரோந்துப் படையிடம் சிக்கினார்.