கேபினில் இரண்டு இரவு: மிட்வெஸ்ட் கிராமப்புறம் கிளம்பும் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

கேபின் என்றதும் மனதில் ஒரு சின்ன மரவீடு வந்துவிடுகிறது. உள்ளே கட்டில், போர்வை, அடுப்பு, பக்கத்திலேயே கழிப்பறை. அமெரிக்காவின் வடமத்தியப் பகுதியான மிட்வெஸ்டில், ஒஹாயோவின் ஹாக்கிங் ஹில்ஸ் பக்கம் தனியார் வாடகைக்கு விடும் பல கேபின்கள் அப்படித்தான் இருக்கும், சுடுநீர்த் தொட்டிகூட இருக்கும். ஆனால் மினசோட்டா மாநிலப் பூங்காவில் ‘கேம்பர் கேபின்’ பதிவு செய்தால் கிடைப்பது ஓர் அறை, பங்க் கட்டில், மெத்தை, மேசை. அறைக்குள் குழாய் இருக்காது, கழிப்பறையும் வெளியேதான். மிஷிகனின் மேல் தீபகற்பத்தில் உள்ள போர்க்குபைன் மலைகளில் சில கேபின்களுக்குக் காரே போகாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும், குளிருக்கு விறகடுப்புதான்.

மூன்றுக்கும் பெயர் கேபின். படத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதுதான் முதல் தவறு. மற்ற பாதித் தவறுகள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. கூரை போட்ட கூடாரம் என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். தண்ணீர் எங்கே பிடிக்க வேண்டும், கழிப்பறை எத்தனை தப்படி, விரிப்பும் தலையணையும் தருவார்களா, உள்ளே சமைக்க விடுவார்களா, ஹீட்டர் உண்டா என்று பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கழிப்பறை தூரத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடையில்தான் நம்மில் பலர் இந்தப் பயணம் போகிறோம். நாங்களும் அப்படித்தான் போனோம். கழிப்பறை ஒரு நூறு மீட்டர் தள்ளி, வழியில் விளக்கு கிடையாது. மறுநாள் மத்தியானம் அம்மாவுக்குத் தலை சுற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: ராத்திரி எழுந்து யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதென்று, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அம்மா தண்ணீர் குடிக்கவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் வயதானவர்கள் கூட வந்தால் கழிப்பறைக்குப் பக்கத்துக் கேபின் கிடைக்கும் தேதியாகப் பார்த்துத்தான் போகிறோம். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று. ராத்திரி யார் எழுந்தாலும் இன்னொருவரை எழுப்பலாம் என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுவோம்.

பதிவு விஷயத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் 11 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும், மினசோட்டாவில் 120 நாள். மே கடைசித் திங்கட்கிழமையான மெமோரியல் டே, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான லேபர் டே வார இறுதிகள் வேண்டுமென்றால் பதிவு திறக்கும் நாளிலேயே உட்கார வேண்டும். விஸ்கான்சின் பூங்காக்களில் பல கேபின்கள் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே கட்டப்பட்டவை, மற்றவர்கள் எடுக்க முடியாது. இதைப் படிக்காமல் தேதியை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. இலையுதிர்கால நிறம் பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர் தொடங்கினால் பல பூங்காக்களில் குழாய்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கேபின் திறந்திருக்கும், குளியலறை பூட்டியிருக்கும்.

அப்புறம், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி இருட்டில் போய்ச் சேருவது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பொழுது சாயும் நேரத்தில் கிராமத்துச் சாலைகளில் மான் குறுக்கே வரும். ஒன்று தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு விஸ்கான்சினும் வடகிழக்கு அயோவாவும் சேர்ந்த டிரிஃப்ட்லெஸ் பகுதி பனியாறுகள் மழித்துத் தட்டையாக்காமல் விட்ட நிலம்; மேடும் பள்ளத்தாக்குமாக இருக்கும். கண்ணுக்கு அழகுதான், ஆனால் பள்ளத்தில் இறங்கினால் போனில் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பதிவுச் சீட்டைக் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவிலிருந்து இண்டியானாவின் டர்க்கி ரன் பூங்கா போகிறவர்களுக்கு வழியில் ஒரு மணி நேரம் காணாமல் போகும், ஏனென்றால் அங்கே கிழக்கு நேரம், கடிகாரம் சிகாகோவைவிட ஒரு மணி முன்னால் ஓடும். வெளிச்சம் இரண்டு மணி நேரமாவது மிச்சம் இருக்கும்போது போய் இறங்குங்கள்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டை நெருப்பை நம்பி வைக்க வேண்டாம். மழை பெய்து விறகு நனைந்துவிட்டால் பசியோடு அழும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல முடியாது. புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு கட்டிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. மறுநாள் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம். மிச்சத்தை வெளியே மேசையில் விட்டு வைக்காதீர்கள். ரக்கூனுக்கு ஐஸ் பெட்டி மூடியைத் திறக்கத் தெரியும். விஸ்கான்சின், மினசோட்டாவின் வடபகுதியிலும் மேல் தீபகற்பத்திலும் கருங்கரடியும் உண்டு. பற்பசைவரை வாசனையுள்ள எல்லாம் காருக்குள் பூட்டியிருக்க வேண்டும்.

மின்சாரம் உள்ள கேபின் என்றால் ரைஸ் குக்கர், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு என்று வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறோம். 15 ஆம்பியர் பிரேக்கர், 120 வோல்ட் என்றால் மொத்தமே 1,800 வாட். ஹீட்டர் மட்டும் 1,500 குடிக்கும். செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, ஹீட்டர் ஓடும்போது குழந்தைக்குப் பால் சுட வைக்கக் கெட்டிலைப் போட்டோம். பட்டென்று எல்லாம் அணைந்தது. பிரேக்கர் பெட்டி வெளியே இருந்தது, பூட்டும் போட்டிருந்தது. விடியும்வரை இரண்டு பிள்ளைகளையும் நடுவில் போட்டுக்கொண்டு ஒரே போர்வைக்குள் கிடந்தோம். ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான். குளிருக்குத் துணையாகக் கரி அடுப்பையோ சின்ன கேஸ் அடுப்பையோ மட்டும் உள்ளே கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

விறகை வீட்டுத் தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு போவது பலரும் அறியாமல் செய்யும் தவறு. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் துளைத்துத் துளைத்தே கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. தானாகப் பறந்து போனதைவிட வெகுதூரம் அது விறகுக் கட்டில் ஏறித்தான் போயிருக்கிறது. எங்கே எரிக்கிறோமோ அங்கே வாங்குங்கள். பூங்கா வாசலில் கட்டு கட்டாக விற்பார்கள்.

உண்ணி விஷயம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியது. விஸ்கான்சினும் மினசோட்டாவும் லைம் நோய் அதிகம் காணப்படும் மாநிலங்கள். அதைப் பரப்பும் மான் உண்ணியின் இளம் பருவம் மே முதல் ஜூலை வரை மும்முரமாக இருக்கும். அதன் அளவு ஒரு கசகசா. என் மகளின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் போலத்தான் தெரிந்தது. அவளுக்கு அங்கே மச்சம் கிடையாது என்று மனைவிக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தோம். பெரும்பாலும் உண்ணி ஒரு நாளுக்கு மேல் கடித்துக்கொண்டு இருந்தால்தான் லைம் கிருமி தொற்றும். அதனால் தினமும் இரவு படுக்கும் முன் பார்ப்பது வீண் வேலை இல்லை. காதோரம், தலைமுடிக்குள், அக்குள், இடுப்புப் பட்டி, முழங்கால் மடிப்பு எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி காட்டுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலோ, பரவும் சிவந்த தடிப்போ வந்தால் கடித்த தேதியைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். புல்லில் நடக்கும்போது பேண்ட் முனையைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டாலே பாதிப் பாதுகாப்பு.

கோடையில் புயல் எச்சரிக்கை ‘கவுண்டி’ பெயரில்தான் வரும்; கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. தங்கியிருக்கும் கவுண்டியின் பெயர் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய குறை என்று வானொலியில் ஊர்ப் பெயர்கள் ஓடும்போதுதான் புரியும். ‘வாட்ச்’ என்றால் உருவாகக்கூடும், ‘வார்னிங்’ என்றால் இப்போதே ஓடு. 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவில் டெரேச்சோ என்ற நேர்க்கோட்டுப் புயல் வீசியது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றில் சீடர் ராப்பிட்ஸ் நகரின் மரங்கள் பாதிக்குமேல் போயின. மரங்களுக்கு நடுவே நிற்கும் மரக் கேபின் அப்படிப்பட்ட நாளில் இருக்கும் இடம் அல்ல. இறங்கி ஒதுங்க நிலத்தடி அறையும் அதற்குக் கிடையாது. போய் இறங்கியதும் அலுவலகத்தில் கேளுங்கள், புயல் வந்தால் எந்தக் கட்டடம் என்று. பல பூங்காக்களில் கல்லால் கட்டிய குளியலறைக் கட்டடத்தைக் காட்டுவார்கள். பிள்ளைகளையும் ஒரு தடவை அங்கே நடத்திக் கூட்டிப்போய் வாருங்கள். கவுண்டி, பூங்கா, கேபின் எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அவசர உதவிக்கு 911 அழைத்தால் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்றுதான்.

ஏரியில் இறங்கும் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம், பெரும்பாலான பூங்காக் கரைகளில் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். மிஷிகன் ஏரியை ஏரி என்று நினைக்கவே வேண்டாம், கடல் மாதிரி இழுக்கும் நீரோட்டம் அதில் உண்டு. தூண்டில் போடுவதென்றால் விஸ்கான்சின், மினசோட்டா, இல்லினாய் மூன்றிலும் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும்.

திரும்பி வீடு வந்ததும் எல்லாருக்கும் தூக்கம் வரும், துணி மூட்டை கராஜில் கிடக்கும். அதை அப்படியே விடாதீர்கள். காய்ந்த துணியை நேராக டிரையரில் போட்டு அதிக சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் ஒட்டியிருக்கும் உண்ணி செத்துவிடும். துவைப்பது அதற்குப் பிறகு.