பழைய டிராம் கட்டணப் பட்டியலைப் படிப்பது எப்படி: சிங்கப்பூரில் தாத்தா காலத்தைத் தேடுகிறவர்களுக்கு

போன வருஷம் பொங்கலுக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தாத்தா 1910-களில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், குடியிருந்தது சிராங்கூன் சாலைப் பக்கம். அவர் வேலைக்கு டிராமில் போயிருப்பாரா, நடந்தே போயிருப்பாரா? யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் நான் பழைய கட்டணப் பட்டியல், சரக்குக் கூலி அட்டவணை, டிராம் விதிகள் எல்லாவற்றையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் பாதிக்கு மேல் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்களும் அப்படி ஒரு தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணத்தை இன்றைய வெள்ளிக்கு (டாலருக்கு) மாற்றிப் பார்க்காதீர்கள். ஐந்து காசு (சென்ட்) என்று இருந்தால் "அடேயப்பா, எவ்வளவு மலிவு" என்று தோன்றும், அது கண்ணைக் கட்டிவிடும். அதே வருஷத்தில் ஒரு கூலியாளுக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுத்தார்கள் என்று தேடி, போகவர ஆகும் கட்டணம் அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள். அந்தப் பங்கு தெரிந்தால்தான் அந்த வண்டி யாருக்காக ஓடியது என்று தெரியும்.

சரி, எந்த டிராம்? சிங்கப்பூரில் இரண்டு முறை டிராம் ஓடியது. முதலாவது நீராவி டிராம், 1886-ல் தொடங்கி 1894-ல் நின்றுபோனது; தஞ்சோங் பகார் கப்பல்துறையையும் நகரத்தையும் இணைத்த பாதை அது. 1880-லேயே ரிக்‌ஷா வந்துவிட்டது, அது வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகவேண்டிய வாசலிலேயே இறக்கிவிட்டது. தண்டவாளத்தை விட்டு நகர முடியாத வண்டி அதோடு போட்டிபோட்டுப் பிழைக்கவில்லை. இரண்டாவது மின்சார டிராம், 1905 முதல் 1927 வரை. அதன் மின்நிலையம் மெக்கன்சி சாலையில் இருந்தது. 1926-லிருந்து அதன் இடத்துக்கு டிராலி பஸ் வர ஆரம்பித்தது, அது 1962 வரை ஓடியது. ஆகவே உங்கள் வீட்டில் யாராவது "ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டிராமில் போனேன்" என்று சொன்னால் அவர் சொல்வது பெரும்பாலும் டிராலி பஸ். இரண்டுக்கும் தலைக்கு மேலே கம்பி இருந்தது, கீழே தண்டவாளம் இருந்ததா என்று கேளுங்கள். எந்த வருஷம் என்று உறுதிசெய்யாமல் எந்தப் பட்டியலையும் கையில் எடுக்காதீர்கள்.

எங்கே தேடுவது என்றால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம்தான் முதல் இடம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆங்கிலத்தில் "டிராம்வே" என்ற சொல்லோடு கட்டணம், விதி, காலஅட்டவணை என்ற சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள், வருஷத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகத்தான் படித்திருக்கும், அதனால் ஒரு தேடலில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். செய்திகளை மட்டும் பார்க்காமல் விளம்பரப் பத்திகளையும் பாருங்கள், கட்டண மாற்றம் வந்தால் அங்கேயும் அறிவித்திருப்பார்கள். சட்டமும் விதிகளும் வேண்டுமென்றால் சிங்கப்பூரை அன்று ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கமான நீரிணைக் குடியேற்றத்தின் (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்) அரசிதழைப் பார்க்க வேண்டும். கூலி விவரத்துக்கு அதே அரசாங்கம் வருஷாவருஷம் போட்ட நீலப் புத்தகங்கள் என்ற புள்ளிவிவரத் தொகுப்புகள் இருக்கின்றன. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கு நேரில் போய் மேசையில் கேட்டால் பொறுமையாக எடுத்துக்கொடுப்பார்கள்.

நம் ஆட்கள் பலர் மறந்துவிடும் ஒன்று: 1887 முதல் 1890 வரை இங்கே சிங்கை நேசன் என்ற தமிழ்ப் பத்திரிகை வந்தது. நீராவி டிராம் ஓடிய அதே வருஷங்கள்! நகரத்தில் நடந்ததைத் தமிழர் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அதில் சொல் கொடுத்துத் தேடினால் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். லை, ணை, றா, னா எல்லாம் பழைய வடிவத்தில் அச்சாகியிருக்கும், கணினி தடுமாறும். பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

இடப்பெயர் இன்னொரு தொல்லை. 1900-க்கு முந்தைய பட்டியலில் "நியூ ஹார்பர்" என்று இருந்தால் அது இன்றைய கெப்பல் துறைமுகம், அந்த வருஷத்தில்தான் பெயர் மாறியது. ஜான்ஸ்டன் துறை என்று இருந்தால், அது 1933-ல் கிளிஃபர்ட் துறை வருவதற்கு முன்னால் அந்தக் கரையில் இருந்த படகுத்துறை. தேங்க் ரோடு என்றால் நமக்கு தெண்டாயுதபாணி கோயில்தான் ஞாபகம் வரும், அன்றைக்கு அங்கே 1903-லிருந்து ரயில் நிலையமும் இருந்தது. வீட்டுப் பெரியவர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று சொன்னால் அது சிராங்கூன் சாலைதான், சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்த பெயர்.

காசு விஷயத்துக்கு வருவோம். 1903-க்கு முன்னால் இங்கே மெக்சிக்கோ வெள்ளி உட்படப் பல நாட்டு நாணயங்கள் புழங்கின, வெள்ளி உலோகத்தின் விலை ஏறி இறங்கினால் அவற்றின் மதிப்பும் ஆடும். 1903-ல் நீரிணை வெள்ளி வந்தது, 1906-ல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். அப்போது ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். அப்படியானால் ஒரு வெள்ளி ஒன்றே முக்கால் ரூபாய், அதாவது 28 அணா. ஊருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று பழைய கடிதத்தில் ரூபாயில் இருந்தால் இந்தக் கணக்கு கைகொடுக்கும். ஆனால் 1906-லிருந்து முதல் உலகப்போர் வரைக்கும்தான் இதை நம்பலாம், போர்க்காலத்தில் ரூபாய் மதிப்பு மாறிவிட்டது. என்னிடம் 1920-ஆம் வருஷத்து ஒரு காசு ஒன்று இருக்கிறது, வட்டம் இல்லை, சதுரம், மூலைகள் மட்டும் மழுங்கி வளைந்திருக்கும், நடுவில் ஐந்தாம் ஜார்ஜ் தலை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டணப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்குக் "காசு" என்பது வெறும் எண் இல்லை என்று பட்டது.

கட்டணப் பட்டியலில் பார்க்கவேண்டியது முதலில் பாதை எத்தனை பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது. இப்போது நாம் கார்டைத் தட்டினால் ஏறிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்துக்குக் காசு போகிறது. பகுதிக் கணக்கு அப்படி இல்லை. எல்லைக்கு ஒரு நிறுத்தம் முன்னால் ஏறி ஒரு நிறுத்தம் பின்னால் இறங்கினாலும் இரண்டு பகுதிக் காசு. ஆகவே வீடு எந்தப் பகுதியில், வேலையிடம் எந்தப் பகுதியில் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு எண்ணுங்கள். வகுப்பு பிரித்திருந்தால் கீழ் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலைத் தொழிலாளர் கட்டணம் என்று தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிட்டனில் டிராம் கம்பெனிகளுக்கு உத்தரவு கொடுக்கும்போது காலையும் மாலையும் தொழிலாளருக்கு மைலுக்கு அரை பென்னிக்கு மேல் வாங்காத வண்டி ஓட்டவேண்டும் என்று பல இடங்களில் நிபந்தனை போட்டார்கள். அப்படி ஒரு வரி உங்கள் பட்டியலில் இருந்தால் கணக்கே மாறிவிடும்.

இனி சரக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் நம் ஆட்களின் பிழைப்பு இதில்தான் இருந்தது. துறைமுகத்திலிருந்து நகரத்துக்குச் சரக்கு வந்தது மாட்டு வண்டியில், அந்த வண்டிகளை ஓட்டியவர்களில் தமிழர்கள் நிறைய. டிராமில் சரக்கு ஏற்றினால் அது நேராக அவர்கள் வயிற்றில் கை வைப்பது.

எடை அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு காட்டி ஒன்றேகால் ராத்தலுக்குக் (பவுண்டுக்குக்) கொஞ்சம் கூட, சரியாகச் சொன்னால் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். 100 காட்டி ஒரு பிக்குல், நம் கணக்கில் 60 கிலோவும் சொச்சமும். 40 பிக்குல் ஒரு கோயான். ஆங்கிலேய டன் 2,240 ராத்தல், அது 16.8 பிக்குல். பட்டியலில் ஒரு வரி பிக்குலிலும் அடுத்த வரி டன்னிலும் இருந்தால் இதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம் ஒரு பொறி இருக்கிறது. டன் என்று போட்டிருந்தால் அது எடை டன்னா, அளவு டன்னா என்று பார்க்காமல் விடாதீர்கள். கப்பல் சரக்கில் 40 கன அடி ஒரு அளவு டன். ஒரு பெட்டி 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 கன அடி, அதாவது அரை டன். உள்ளே பிரம்புக் கூடைகள், மொத்த எடை 2 பிக்குல்தான். எடைக்கு வாங்கினால் 2 பிக்குலுக்குக் கூலி, அளவுக்கு வாங்கினால் 8.4 பிக்குலுக்குச் சமமான கூலி, நான்கு மடங்குக்கும் மேல். "எது கூடுதலோ அது" என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால் அந்தக் கூடை வியாபாரி மாட்டு வண்டிக்காரரிடம்தான் போயிருப்பார். பொடி எழுத்தில்தான் எல்லாம் இருக்கும்: குறைந்தபட்சக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி சேர்த்தா தனியா, சரக்கு சேதமானால் யார் பொறுப்பு, குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு. மாட்டு வண்டிக் கூலியோடு ஒப்பிடும்போது இவை எல்லாவற்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். வண்டிக்காரர் கடை வாசல் வரைக்கும் வருவார், டிராம் வராது.

பயணிகள் கையில் கொண்டுவரும் மூட்டைக்கும் விதி உண்டு. பிரிட்டிஷ் டிராம் உத்தரவுகளில் வழக்கமாக இருந்தது 28 ராத்தல் வரை இலவசம் என்பது. அதைக் காட்டியில் போட்டுப் பாருங்கள், சரியாக 21 காட்டி, 12.7 கிலோ. ஒரு மாதத்து அரிசியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று யோசித்தால் அந்த எண் உயிர்பெறும். நீங்கள் படிக்கும் சிங்கப்பூர்ப் பட்டியலில் என்ன எடை போட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ஓட்ட விதிகளைப் படிக்க ஒரு வழி இருக்கிறது, இது எனக்கு ரொம்ப நாள் கழித்துப் பிடிபட்டது. இங்கே டிராம் சட்டம் வந்தது 1882-ல், மாதிரி பிரிட்டனிலிருந்து. அங்கே 1870-ஆம் வருஷத்து டிராம் சட்டம் கட்டணப் பட்டியலை வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி ஒட்டச் சொன்னது. தண்டவாளங்களுக்கு நடுவிலும் இரு பக்கம் 18 அங்குலம் வரையிலும் சாலையைக் கம்பெனியே பழுதுபார்க்கச் சொன்னது. நீராவி வண்டிக்கு அங்கே போட்ட விதிகளில், தண்டவாளம் பிரியும் இடத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது, எஞ்சின் புகையையும் இரைச்சலையும் அடக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். இந்த மாதிரி வரிகள் சிங்கப்பூர் விதியிலும் அப்படியே இருந்தால் அது நகல், அதை வைத்து இந்த ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, பிரிட்டிஷ் மாதிரியில் இல்லாமல் இங்கே மட்டும் இருக்கும் வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். அவைதான் தெற்குப் பாலச் சாலையில் யாரோ செய்ததைப் பார்த்து யாரோ எழுதியவை.

ஒரு விதியை மட்டும் நின்று படியுங்கள். அடுத்தவர் உடையையோ இருக்கையையோ அழுக்காக்கக்கூடிய உடுப்போடு வருகிறவர் வண்டிக்குள் இருக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் டிராம்களில் ஒரு வழக்கமான விதி. அதைக் கப்பல்துறைப் பாதைக்குப் பொருத்திப் பாருங்கள். நாள் முழுக்கக் கரி சுமந்தவரோ மாவு மூட்டை தூக்கியவரோ சட்டைப்பையில் காசு வைத்திருந்தாலும் கண்டக்டர் கையைக் காட்டி இறக்கிவிட முடியும். கட்டணப் பட்டியலை மட்டும் படித்தால் இது தெரியவே தெரியாது, அதனால்தான் விதிகளையும் சேர்த்துப் படியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். எடுத்துக்காட்டுக்காக மட்டும் சொல்கிறேன்: ஒரு நாள் கூலி 40 காசு, ஒரு பகுதிக்கு 3 காசு, வீட்டிலிருந்து வேலைக்கு இரண்டு பகுதி என்று வைத்துக்கொள்வோம். போகவர 12 காசு, கூலியில் பத்தில் மூன்று பங்கு. நீங்கள் கண்டுபிடித்த எண்களைப் போட்டு இதே மாதிரி செய்யுங்கள், மாதத்தில் எத்தனை நாள் வேலை இருந்தது என்பதையும் மறக்காதீர்கள், துறைமுகத்தில் கப்பல் வந்தால்தான் கூலி.

நான் எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சிராங்கூன் சாலை முனையிலுள்ள தேக்காவிலிருந்து தஞ்சோங் பகாருக்கு நடந்து பார்த்தேன். நாலைந்து கிலோமீட்டர்தான். மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கடைக்காரர் வாளித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார், அங்கே ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டதையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. காலையில் நடந்து, உடம்பு ஓய்ந்த சாயங்காலத்தில் எப்போதாவது ஒருநாள் டிராம் என்றுதான் சித்தப்பாவிடம் சொன்னேன், எங்கள் எண்கள் அப்படித்தான் வந்தன.

கணக்கு முடிந்ததும் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். 1979-ல் தொடங்கிய வேலை அது, தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள், இணையத்திலேயே பலவற்றைக் கேட்கலாம். போக்குவரத்து, துறைமுகம் என்று தேடி, டிராம் என்று ஒருவர் சொல்லும் இடம் வந்தால் எத்தனையாவது நிமிஷம் என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வீட்டில் எல்லாரும் கூடும்போது அந்த இடத்தை மட்டும் போட்டுக்காட்டலாம்.