மாணவர் மதிப்பெண் பதிவுகளைச் சரிபார்ப்பது எப்படி? தர உறுதிப் பிரிவுக்குப் புதியவர்களுக்கு

பல்கலைக்கழகத் தர உறுதிப் பிரிவில் சேர்ந்ததும் புதியவர் கையில் வழக்கமாக வந்து விழும் வேலை இது: பருவத் தேர்வு மதிப்பெண்கள் சிஸ்டத்தில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பது.

படி 1: பட்டியலை இறக்குங்கள்

மதிப்பெண் பட்டியல் வழக்கமாக சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வரும். அதை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறக்காதீர்கள். 00473 என்ற பதிவு எண் 473 ஆகிவிடும். எண் 15 இலக்கத்தைத் தாண்டினால் மிச்ச இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். ‘இம்போர்ட்’ வழியாகத் திறந்து, பதிவு எண் இருக்கும் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக வையுங்கள்.

படி 2: யாரைப் பார்ப்பது?

முதல் 30 பெயர்களை எடுப்பது சோம்பேறித்தனம். குலுக்கல் முறையில் எடுங்கள். மறுமதிப்பீடு கேட்டவர்கள், துறை மாறியவர்கள், இடைநின்று திரும்பியவர்கள் எல்லோரையும் தனியாகச் சேருங்கள். பிழை குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

படி 3: இரு திசையிலும் பாருங்கள்

பலர் கோட்டை விடும் இடம் இது. சிஸ்டத்தில் உள்ள மதிப்பெண்ணை எடுத்து, விடைத்தாள் திருத்தியவர் கையெழுத்திட்ட மதிப்பெண் தாளில் தேடினால், ஆதாரமில்லாமல் ஏறியது சிக்கும். ஆனால் ஏறாமலே விட்டுப்போனது சிக்காது. அதற்குத் தாளில் தொடங்கி சிஸ்டத்துக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் நான் ஒரே திசையில் பார்த்துவிட்டு “எல்லாம் சரி” என்று எழுதிக் கொடுத்தேன். தாளின் பின்பக்கத்தில் இருந்த நான்கு பேர் சிஸ்டத்தில் இல்லவே இல்லை.

தாளின் மொத்தக் கூட்டலும் சிஸ்டத்தின் கூட்டலும் உதைத்தால் வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 61 ஐ 16 என்று அடித்தால் வித்தியாசம் 45.

படி 4: பிழை கிடைத்தால் கை வைக்காதீர்கள்

எவ்வளவு அற்பப் பிழையானாலும் நீங்களே திருத்தக் கூடாது. சரிபார்ப்பவரே திருத்திவிட்டால் அதை யார் சரிபார்ப்பது? பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண், காரணம், ஆதாரத் தாளின் எண் நான்கையும் குறித்துத் துறைக்கு அனுப்புங்கள். திருத்தும் உரிமை உள்ளவர் திருத்தட்டும். யார், எப்போது மாற்றினார் என்பது சிஸ்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: சராசரி மாறியதா?

மதிப்பெண் திருந்தினாலும் சில சிஸ்டங்களில் சராசரி பழையதாகவே நிற்கும். கையால் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் (பாடத்துக்குத் தரப்படும் எடை) பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் பாடத்தில் 8 புள்ளி, 2 கிரெடிட் பாடத்தில் 5 புள்ளி என்றால் (32 + 10) ÷ 6 = 7. 6.5 வந்தால் கிரெடிட்டைப் பெருக்க மறந்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கும் சிஸ்டமும் ஒத்துப்போன பிறகே அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுங்கள்.