கண் மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி: இடத்தைத் தேர்வது முதல் ஃபெலோஷிப் வரை

எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவத்தை முதுநிலைப் படிப்பாக எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: எந்தத் தரவரிசைக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும், படித்து முடித்தபின் வருமானம் எப்படி இருக்கும். இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. அந்த மூன்று ஆண்டுகளில், மூத்த மருத்துவர் ஒருவர் அருகில் இருக்க, என் கையால் எத்தனை கண்களுக்கு அறுவை செய்ய விடுவார்கள் என்பதே அது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குச் சிகிச்சை பெறாத கண்புரை காரணமாக இருந்தது, 7.2 விழுக்காட்டுக்கோ கண்புரை அறுவையால் நேர்ந்த சிக்கல்களே காரணமாக இருந்தன. அறுவை செய்யக் கற்ற மருத்துவர்கள் போதாமல் இருப்பதை முதல் எண்ணும், சரியாகக் கற்காமல் செய்வதன் விலையை இரண்டாவது எண்ணும் காட்டுகின்றன. பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டாவது எண்ணை மறக்கக் கூடாது.

விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் கண்களையே ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அறுவை நுண்ணோக்கியின் கீழ் வேலை செய்ய இரு கண்களும் இணைந்து ஆழத்தை உணரும் திறன் வேண்டும். சிறு வயதிலிருந்து ஒரு கண்ணில் பார்வை மங்கியிருப்பவர்களுக்கும், வெளியில் தெரியாத அளவுக்குச் சிறிய மாறுகண் உள்ளவர்களுக்கும் இத்திறன் குறைந்திருக்கலாம். நிறக்குறைபாடு இருந்தாலும் முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது. இவை கண் மருத்துவத்துக்குள் வரவே தடையாகிவிடுவதில்லை என்றாலும், பின்னாளில் எந்த உட்பிரிவுக்குப் போவது என்பதை இவை தீர்மானிக்கக்கூடும்.

இந்தியாவில் சேர்வதற்கான முதன்மையான வழி நீட் முதுநிலைத் தேர்வு. 200 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. மாநில அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டின்கீழ் மத்தியக் கலந்தாய்வுக்குப் போகிறது. மீதிப் பாதிக்கான கலந்தாய்வைத் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. அதில் அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றுக்கு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்காக ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஐ.என்.ஐ. பொது நுழைவுத் தேர்வைத் தனியே எழுத வேண்டும். பல்கலைக்கழகம் தரும் எம்.எஸ்., தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. இரண்டும் மூன்றாண்டுப் படிப்புகள். தேசியத் தேர்வு வாரியத்தின் டிப்ளமோ இரண்டாண்டுகள். அதை முடித்தவர்கள் மற்றொரு நுழைவுத் தேர்வின் வழியாக மேலும் இரண்டாண்டுகள் படித்து டி.என்.பி. பெறலாம். பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக விரும்புகிறவர்கள், தேசிய மருத்துவ ஆணையத்தின் நடப்பு ஆசிரியர் தகுதி விதிகளைப் படித்துவிட்டே எம்.எஸ்., டி.என்.பி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கண் மருத்துவப் பயிற்சிக்கு நீண்ட மரபு உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண் அழுத்த நோய்க்கான துளையிடும் அறுவை முறையை 1909இல் வெளியிட்டார். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையில் மருத்துவர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் நிறுவிய சங்கர நேத்ராலயாவும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஷெல் கண் மருத்துவமனையும் நாடறிந்த பயிற்சி இடங்கள். ஆயினும் பெயரை மட்டும் வைத்து முடிவெடுத்துவிட வேண்டாம். பெயர் பெற்ற நிறுவனத்தில், முதுநிலை முடித்து உட்பிரிவுப் பயிற்சி பெறும் ஃபெலோக்கள் நிறைய இருந்தால், சிக்கலான நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு முதுநிலை மாணவருக்குக் கிடைக்கும், அறுவை செய்யும் வாய்ப்பு ஃபெலோவுக்குப் போய்விடலாம். மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் விழித்திரை அறுவை அறவே நடக்காமல் இருக்கலாம். அங்கேயே கண்புரை அறுவையில் நல்ல கைப்பழக்கம் கிடைக்கவும் கூடும்.

எனவே கலந்தாய்வுக்கு முன் அங்கே இப்போது படிக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் நேரில் பேசுங்கள். துறைத் தலைவரின் பதிலைவிட அவர்களின் பதிலே பயன்படும். தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்த கண்புரை அறுவைகள் எத்தனை, முதல் அறுவை எந்த மாதத்தில் கிடைத்தது, கண்வில்லையின் பின்உறை கிழிந்தால் அருகில் யார் இருப்பார், புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் பேகோ முறை கற்றுத்தரப்படுகிறதா, ஆட்டுக்கண்ணில் பழகுவதற்கான வெட் லேப் உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்து, மேற்பார்வை இல்லை என்று தெரிந்தால் அந்த இடத்தையும் தவிர்ப்பதே சரி. தனியாக விடப்பட்ட மாணவர் தம் பிழையையே திரும்பத் திரும்பச் செய்து அதைப் பழக்கமாக்கிக்கொள்கிறார். அந்தப் பழக்கத்தின் சுமையை நோயாளியின் கண் சுமக்கிறது. ஒப்பந்தப் பணிக்காலம், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, மாத உதவித்தொகை ஆகியவற்றையும் எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

முதலாண்டில் அறுவை அரங்கைப் பற்றிய ஏக்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கண்ணாடிக்கான அளவைக் கண்டறியும் ரிஃப்ராக்ஷனைக் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணாடி பார்ப்பது ஆப்டோமெட்ரிஸ்டின் வேலை என்று ஒதுங்கும் மாணவர், அறுவைக்குப் பின் நோயாளி தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்லும்போது தடுமாறுவார். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பை எடுத்து, நிழலின் அசைவைப் பார்த்து, உங்கள் அளவை முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன்பிறகே கருவி தரும் அளவோடு ஒப்பிடுங்கள். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, குவிக்கும் தசையைத் தளர்த்திய பிறகு பார்க்கும் அளவே நம்பத்தக்கது.

அடுத்தது, விழித்திரையை ஓரம் வரை பார்க்க உதவும் இண்டைரக்ட் ஆப்தல்மோஸ்கோப். 20 டயாப்டர் லென்ஸில் தெரியும் பிம்பம் மேல்கீழாகவும் இடவலமாகவும் மாறியிருக்கும் என்பதால் தொடக்கத்தில் எல்லோரும் குழம்புவார்கள். வரைபடத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, லென்ஸில் பார்த்ததைப் பார்த்தபடியே அதில் வரைந்து பழகினால் அந்தக் குழப்பம் விலகும். ஒளிப்படக் கருவிகள் பெருகிவிட்ட இன்றும் விழித்திரையைக் கையால் வரையச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அது நல்வாய்ப்பு. வரைய வேண்டியிருப்பதாலேயே ஓரப் பகுதி வரை பார்க்கும் ஒழுக்கம் வருகிறது. கருவிழிக்கும் கருவிழித்திரைக்கும் இடையே கண்நீர் வெளியேறும் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோபியையும் விட்டுவிடாதீர்கள். ஆசிய மக்களிடையே மூடிய கோணக் கண் அழுத்த நோய் கணிசமாக இருக்கும்போது, கோணத்தைப் பார்க்காமலேயே திறந்த கோணம் என்று எழுதிவிடும் வழக்கம் பல வெளிநோயாளர் பிரிவுகளில் நிலைத்துவிட்டது. லேசரால் காக்கக்கூடிய சில கண்கள் சொட்டு மருந்திலேயே ஆண்டுகளைக் கழிப்பது இதனால்தான்.

அறுவைப் பயிற்சிக்கு வருவோம். நோயாளியின் கண்ணைத் தொடுவதற்கு முன்பே நுண்ணோக்கியின் கால்மிதியைப் பார்க்காமல் இயக்கவும், மிக மெல்லிய 10-0 நைலான் தையலை ஆட்டுக்கண்ணில் போடவும், இடக்கையால் கருவியைப் பிடிக்கவும் பழகியிருக்க வேண்டும். அரங்கில் முழு அறுவையையும் ஒரே நாளில் கொடுத்துவிட மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. லென்ஸ் பொருத்துவது, உள்ளே இருக்கும் பிசுபிசுப்பு மருந்தைக் கழுவி எடுப்பது போன்ற படிகளைத் தனித்தனியாகத் தேறிய பின்னரே வட்ட வடிவில் கண்வில்லையின் முன்உறையைத் திறப்பதற்கு வர வேண்டும். பேகோவில் வெட்டு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வரைதான். தையலில்லாச் சிறுதுளை அறுவையில் சுரங்கம் 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை போகும். இந்த அளவுகளைப் பார்த்துப் பின்னதைப் பழைய முறை என்று ஒதுக்கும் மனநிலை நகரத்து மாணவர்களிடம் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்போல் இறுகிப் பழுப்பேறிய புரையோடு ஊர்ப்புறத்திலிருந்து வரும் முதியவருக்குச் சிறுதுளை முறையே பல நேரங்களில் பாதுகாப்பானது. பேகோவின் நடுவில் சிக்கல் வந்தால் மாறிக்கொள்ளும் வழியும் அதுவே.

ஒவ்வோர் அறுவையையும் பதிவேட்டில் எழுதுங்கள். எந்தப் படியை நீங்கள் செய்தீர்கள், எந்த இடத்தில் மூத்தவர் கருவியை வாங்கிக்கொண்டார், ஆறு வாரம் கழித்துப் பார்வை எவ்வளவு இருந்தது என்ற மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. அதற்காக நோயாளியை மீண்டும் வரவழைப்பது சிரமம்தான் என்றாலும், அந்தத் தகவல் இல்லாமல் உங்கள் கை எப்படி இருக்கிறது என்பதை நீங்களே அறிய முடியாது.

ஆய்வேட்டுக்கு, உங்கள் வெளிநோயாளர் பிரிவில் அன்றாடம் வரும் நோயைச் சார்ந்த ஒரு சிறிய கேள்வியை எடுத்தால் போதும். இறுதித் தேர்வுக்குக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன் அதை ஒப்படைக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கே சில மாதங்கள் போய்விடலாம். இறுதித் தேர்வில் நான்கு எழுத்துத் தாள்கள் உண்டு. அவற்றில் முதல் தாளான அடிப்படை அறிவியலை முதலாண்டிலேயே படித்து முடித்துவிடுவது நல்லது.

மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் மூன்று மாத மாவட்ட உறைவிடப் பயிற்சியைக் கட்டாயச் சடங்காகக் கழித்துவிடாமல், மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம் கண் முகாம்களை எப்படி ஏற்பாடு செய்கிறது, முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் யார் அறுவைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். துணைக்கு வர ஆளில்லாமல் நிற்பவர்கள் அதில் நிறையப் பேர்.

ஆப்டோமெட்ரி இளநிலை முடித்தவர்களுக்கும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. சென்னையின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985 முதல் இத்துறையில் இயங்கிவருகிறது. குறைபார்வையர் மறுவாழ்வு, காண்டாக்ட் லென்ஸ், இருகண் பார்வைக் கோளாறுகள் ஆகியவை அவர்களுக்குத் தனி வல்லமை தரும் பிரிவுகள். 2021இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் அவர்களின் பணியைச் சட்டப்படி அங்கீகரித்திருக்கிறது.

எம்.எஸ். முடித்தபின் உட்பிரிவுப் பயிற்சி பெரும்பாலும் ஃபெலோஷிப் வழியாகவே நடக்கிறது. கருவிழி, கண் அழுத்த நோய், விழித்திரை, குழந்தைகள் கண் நலம் மற்றும் மாறுகண், இமை மற்றும் கண்குழி, நரம்பியல் சார்ந்த கண் நோய்கள் ஆகியவற்றில் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் வரை பயிற்சி பெறலாம். விழித்திரை அறுவைக்கே பொதுவாக அதிகக் காலம் பிடிக்கும். எதைத் தேர்ந்தாலும், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பரிசோதனையை எங்காவது கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். இந்திய வழிகாட்டுதலின்படி, 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். சிகிச்சை தேவைப்படும் நிலை வந்துவிட்டால் அதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இன்று மாவட்ட மருத்துவமனைகளிலும் இயங்குகின்றன. வாரத்தில் ஒருநாள் அங்கே போய் அந்தக் குழந்தைகளின் கண்களைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊரிலேயே இருந்தால், தாயும் சேயும் சென்னைக்கோ மதுரைக்கோ அலைய வேண்டியிருக்காது.