அமெரிக்கா போகும் மதுரைப் பிள்ளைகளுக்கு: காரில் துப்பாக்கி இருந்தால்

நம்ம ஊரில் துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் செக்யூரிட்டி தோளில் தொங்கும் இரட்டைக் குழல்தான் ஞாபகத்துக்கு வரும். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள்கூடத் தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவார்கள். அதனால் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் கிளம்பிப் போகிற பிள்ளைக்கு, கூட வேலை பார்ப்பவரின் காரில் தோட்டா போட்ட பிஸ்டல் இருக்கலாம் என்பது மனசிலேயே ஏறாது. வாடகை, பேங்க் கணக்கு எல்லாம் சொல்லி அனுப்புகிறோம். இதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். எஃப்-1 (படிக்கப் போகிறவர்), எச்-1பி (வேலைக்குப் போகிறவர்), எச்-4 (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் கணவன், மனைவி, பிள்ளைகள்) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். முறைப்படி வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதையும் ஒரு வக்கீலிடம் கேட்காமல் நம்பி இறங்காதீர்கள். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாரக் கடைசியில் நண்பர்களோடு ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுடுவதும் இதில் அடங்கும். போட்டோ எடுத்துப் போடுகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். அப்புறம் மாநிலச் சட்டம். இங்கேதான் குழப்பமே. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி தடை இல்லாத 21 வயது நிரம்பியவர் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். காரில் வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் உறையில் இருக்க வேண்டும். அதே துப்பாக்கியோடு கலிபோர்னியாவுக்குள் நுழைந்தால் கதை வேறு. அந்த மாநிலத்தின் பெர்மிட் இல்லாதவர் தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியிலோ டிக்கியிலோ வைக்க வேண்டும். டேஷ்போர்டு அறையைப் பூட்டி வைத்தாலும் அது கணக்கில் வராது. வாஷிங்டன் மாநிலத்தில் பெர்மிட் உள்ளவர் லோடு செய்த பிஸ்டலைக் காரில் வைக்கலாம். லோடு செய்த ரைபிளை வைக்கக் கூடாது. நியூயார்க்கில் 'லோடு செய்தது' என்பதற்கே அர்த்தம் அகலம்: துப்பாக்கி காலியாக இருந்தாலும், அதற்குப் பொருந்தும் தோட்டாவும் அதே ஆளிடம் இருந்தால் லோடு செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கு 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒரு வழி தருகிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். துப்பாக்கியும் சரி, தோட்டாவும் சரி, உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி.

நான் அதிகம் கவலைப்படுவது சொந்தமாக வாங்குகிறவர்களைப் பற்றி அல்ல, அடுத்தவர் காரில் ஏறுகிறவர்களைப் பற்றி. நியூயார்க் சட்டப்படி, காரில் துப்பாக்கி கிடந்தால், சில விதிவிலக்குகள் போக, உள்ளே இருக்கும் எல்லோரும் அதை வைத்திருந்ததாகவே முதலில் அனுமானிக்கப்படும். எனக்குத் தெரியாது என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்லிப் போராட வேண்டும். அதனால் கார்பூலில் சேரும்போதே, வண்டியில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அங்கே அது சாதாரணக் கேள்விதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, போலீஸ் நிறுத்தும்போது. மாட்டுத்தாவணியில் கை காட்டினால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு நாமே அவரிடம் நடந்து போவோம். அங்கே தயவுசெய்து இறங்காதீர்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலே தெரியட்டும், இரவானால் உள் விளக்கைப் போடுங்கள். பேப்பர் டேஷ்போர்டில் இருந்தால், எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். காருக்குள் யாரிடம் துப்பாக்கி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மிச்சிகன் போன்ற மாநிலங்களில், மறைத்து எடுத்துப் போகும் பெர்மிட்டோடு துப்பாக்கி வைத்திருப்பவர் தானாகவே உடனே சொல்லிவிட வேண்டும்.

அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்தாலும் அந்த மத்தியச் சட்டம் அவர்களுக்கும்தான். ஊர் சுற்றிக் காட்டும்போது ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள்.